கடலைப் பார்த்த சுவர்

சல்லிமூக்கின் நுனியில் நின்றுகொண்டு ஊரைத் திரும்பிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது எது, சொல்லுங்கள் பார்ப்போம்? கடல் என்று சொல்லிவிடாதீர்கள். கடல் அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கிறது, அதைப் பார்க்க அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. ஜெனோவாவுக்கும் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்காகத்தான் சோற்றை வடித்து இறக்கிய கையோடு பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூன்று நாளாக ஒற்றை ஆளாக வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பெயிண்ட் அடித்திருக்கிறாள். கடலைப் பார்த்த சுவரைக் கடைசியாக வைத்துக்கொண்டு இன்று காலையில்தான் முடித்தாள். நகக்கண்ணில் இன்னும் பச்சை இருக்கிறது, பிள்ளை ஷெரினின் காது மடலிலும் ஒரு சொட்டுக் காய்ந்துபோய்க் கம்மல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடலிலேயே தங்கி மூன்று நாள் மீன் பிடிக்கத் தங்கலுக்குப் போன புருஷன் பிரிட்டோ இன்றைக்குச் சாயங்காலம் வள்ளத்தோடு திரும்புகிறான். நுனியைச் சுற்றித்தான் வருவான். வரும்போது அவன் கண்ணுக்கு வீடு எப்படித் தெரியும் என்று அவனுக்கு முன்னால் தான் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கிறிஸ்துமஸுக்கே அடித்திருக்க வேண்டியது, மழை விடாமல் தள்ளிப்போய் ஈஸ்டருக்காவது ஆயிற்றே என்று இருந்தது. இளம்பச்சை, மாவிலைத் துளிர் நிறத்துக்கும் கொஞ்சம் முற்றினது. அண்ணன் வீட்டுக்கு அடித்து மீந்த இரண்டு டப்பாவை, போன தடவை ஊருக்குப் போனபோது மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தாள், பக்கத்து சீட்டுக்காரி அதை நெய் டப்பா என்று நினைத்து என்ன விலை என்று கேட்டாள்.

நடக்கத் தொடங்கியதும் காலடியில் சல்லி பேசத் தொடங்கியது. சல்லிமூக்கில் மண் கிடையாது. செத்த பவளம் கடலடியில் உடைந்து உடைந்து விரல் அளவும் பல் அளவுமாக ஆகி, அலை கொண்டுவந்து கொட்டிக் குவித்த இடம் அது, மிதித்தால் பீங்கான் சில்லை மிதித்தது போல் கிணுகிணுக்கும். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் பிறந்தவளுக்கு மண் என்றால் காலைப் பிடித்துக்கொள்வது. மழை பெய்துவிட்டால் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராது. இங்கே எதுவும் ஒட்டாது, எதுவும் பிடித்து வைக்காது, நேற்று இருந்த மேடு இன்று இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் இந்தச் சத்தம் அவளைத் தூங்கவிடவில்லை, யாரோ வீட்டுக்கு வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். இப்போது ஊருக்குப் போனால் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை. சல்லி நிலத்தை விட்டுப் பிரிந்து கடலுக்குள் நீண்டு, போகப்போக வளைந்து, தூண்டில் முள் மாதிரித் திரும்பி ஊரையே பார்க்கிறது. வெளிப்பக்கம் பெருங்கடல், உள்பக்கம் கழி. கழி என்றால் முள்ளின் வளைவுக்குள் அகப்பட்டுக்கொண்ட தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி மாதிரி அமைதியாகக் கிடக்கும், வள்ளங்களெல்லாம் அதற்குள்தான் கட்டிக் கிடக்கும். முள்ளின் அடியில், சல்லி தொடங்குகிற இடத்தில், இவர்கள் வீடு. வீடு என்றால் இவர்களுடையது ஒன்றுதான், மற்ற வீடுகளெல்லாம் ஊருக்குள். மாமனார் உயிரோடிருந்தபோது வள்ளத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கட்டினாராம். இங்கே இடது கை வலது கை என்று யாரும் சொல்வதில்லை. கடல் பக்கம், கழி பக்கம். சோறு பரிமாறும்போதுகூட மாமியார், கறிச்சட்டி கழி பக்கம் இருக்கு, எடு என்பாள்.

மாமியார் நினைப்பு வந்ததும் ஜெனோவா பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். ரெஜினம்மாள் இரண்டு மாதமாகத் தூத்துக்குடியில் மகளின் பிரசவத்துக்குப் போய் இருக்கிறாள். நல்லவள்தான், கை நிறையக் கொடுப்பவள்தான், மீன் தலையைத் தான் வைத்துக்கொண்டு நடுத்துண்டை மருமகளுக்குப் போடுகிறவள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கல். அந்தச் சுவர். கடலைப் பார்த்த சுவர் அவளுக்குச் சாமி மாதிரி. வருஷா வருஷம் தானே சுண்ணாம்பில் ரோஸ் பொடியைக் கலக்கி, தானே ஏணி போட்டு ஏறி அடிப்பாள், மற்ற மூன்று சுவரும் பொக்கை விழுந்து கிடந்தாலும் கவலைப்பட மாட்டாள். அது என்ன ரோஸ், பல்பொடி நிறத்தில் ஒரு ரோஸ், திருவிழாவில் விற்கிற பஞ்சுமிட்டாயைத் தண்ணீரில் கரைத்த மாதிரி. வந்த முதல் வருஷம் ஒரு மத்தியானம் ஜெனோவா தார்ப்பாயைக் கழுவி அந்தச் சுவரில் மேலிருந்து தொங்கவிட்டுக் காயப் போட்டாள். வேறெங்கே அவ்வளவு பெரிதாக இடம் இருக்கிறது? கடைக்குப் போயிருந்த ரெஜினம்மாள் வந்தாள், பார்த்தாள், கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தார்ப்பாயை ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டாள். வள்ளம் வர்ற நேரத்துல இதையா மாட்டுவ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், வேறு ஒரு வார்த்தை இல்லை. ஜெனோவா அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே வெங்காயம் உரித்தாள், வெங்காயம் இருந்தது ஒரு வசதி. வீட்டுக்கு வரும் மகன் கண்ணில் அழுக்குத் தார்ப்பாய் படக்கூடாதாம், அவ்வளவு சுத்தக்காரி, என்று நினைத்துக்கொண்டாள். மூன்று வருஷமாக அப்படியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தங்கலுக்குப் போகிற அன்றைக்குக்கூட, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று பிரிட்டோவிடம் கேட்டபோது, அடி, கடலைப் பார்த்த சுவரு மட்டும் ரோஸாவே இருக்கட்டும் என்றான். பாரேன், அம்மா ஊரில் இல்லாவிட்டாலும் அம்மாவின் ரோஸ் வீட்டில் இருக்க வேண்டும். அதுதான் சுருக்கென்றது. கோபமெல்லாம் இல்லை, ஜெனோவாவுக்குக் கோபம் வந்தால் அரைமணி நேரம் நிற்காது. இளம்பச்சையைப் பார்த்துவிட்டால் அவனே, அட, இதை ஏன் இத்தனை நாள் அடிக்கவில்லை என்பான் என்றுதான் இருந்தது.

அறுவாய் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் சல்லியை அறுத்துக்கொண்டு கழிக்குள் பாய்கிற இடம், இப்போது வறண்டு கிடந்தது, நடுவில் ஒரு செருப்பு, ஒரு பாட்டில் மூடி, செத்த குத்தூசி மீன். இந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் அவள் நடை தன்னால் வேகமாகும். எவ்வளவு நாள் ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை, கடல் முன்னால் இருந்து வந்தால் பார்த்துக்கொள்ளலாம், பின்னால் இருந்து வந்தால் என்ன செய்வது. வீடும் சல்லி மேல்தானே நிற்கிறது. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் என்று தோன்றும், உடனே பருப்பு ஊறப் போட்டோமா என்று தோன்றும், பயம் பருப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அறுவாய் தாண்டியதும் போன்கல். இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறைத் துண்டு, அதன் மேல் ஏறி நின்றால்தான் போனுக்குச் சிக்னல், கீழே இறங்கினால் போய்விடும், ஊரில் காதலிக்கிறவர்கள் எல்லோரும் அதன் மேல்தான் நின்று காதலித்தார்கள். அதைத் தாண்டி ஒத்தப்பனை. அங்கே பனை கிடையாது. முதல் வாரம் மாமியார் தூக்குவாளியைக் கொடுத்து, ஒத்தப்பனைகிட்ட வலை காயப் போடுறாங்க, சோத்தைக் குடுத்துட்டு வா என்று அனுப்பினாள். ஜெனோவா பனையைத் தேடிக்கொண்டே போனாள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஆட்களைத் தாண்டியே போனாள், அவர்கள் புதுப்பெண் கடலைப் பார்க்கப் போகிறது போல என்று விட்டுவிட்டார்கள். நுனிவரை போய்ப் பனை இல்லாமல் சோற்றோடு திரும்பி வந்தாள். பனை விழுந்து இருபது வருஷம் இருக்குமே என்றார்கள் எல்லோரும், ஏதோ அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது போல. இன்றைக்கும் ஊருக்குள் போனால் பெரியவர் மிக்கேல், என்ன தாயி, பனை ஆம்புட்டுச்சா என்று கேட்பார். இல்ல மாமா, நீங்க எடுத்துக் கட்டிலுக்குக் கால் போட்டுட்டீங்கன்னு கேள்விப்பட்டேன் என்பாள். இந்த ஊரில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். இல்லாததைப் பெயராக வைத்துக்கொண்டு, இருப்பதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள்.

மரக்காலில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன. எப்போதோ உப்பு ஏற்றுவதற்குப் போட்ட பாலத்தின் மிச்சம் அந்த மரத்தூண்கள். ஷெரின் கையை நீட்டித் தா என்றாள். அவளுக்கு இப்போதைக்கு அந்த ஒரு வார்த்தைதான், காக்காவும் தா, சோறும் தா, அப்பாவும் தா. ஜெனோவா குனிந்து ஒரு சங்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள், அது வாய்க்குப் போவதற்குள் திரும்பப் பிடுங்கினாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வாடைக்காற்றும் இல்லாத கச்சான்காற்றும் இல்லாத இடைப்பட்ட நாட்கள், கடல் எண்ணெய் தடவின மாதிரி கிடந்தது. இப்படி ஒரு நாளில்தான் பிரிட்டோ அவளை முதல் தடவை இங்கே கூட்டிவந்தான். நுனியில் நின்று கழிக்குள் நுழையும் இடத்தைக் காட்டினான். நுனிக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே தண்ணீருக்கடியில் பாறை வரிசையாக ஓடுகிறது, பார் என்பார்கள். அதில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வள்ளம் நுழையும் அகலத்துக்குத் திறப்பு, அதற்கு வாசல் என்று பேர். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லா இடமும் ஒரே தண்ணீர். எப்படித்தான் கண்டுபிடிப்பீங்களோ என்றாள். நம்ம வீட்டைப் பாத்துக்கிட்டே வந்துருவேன் என்றான். ஜெனோவாவுக்கு அன்றைக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கல்யாணமாகிப் பத்து நாள், அவன் வாயிலிருந்து வந்த முதல் இனிப்பான பேச்சு அது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. சண்டை வருகிற நாளில் அதை எடுத்து ஒருதரம் பார்த்துக்கொண்டு திரும்ப உள்ளே வைத்துவிடுவாள்.

நுனியில் ஒரு இரும்புத் தூண். அதைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் தலையில் முந்தானையைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வேண்டுமென்றே கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள். வீடு இல்லை. கழிக்கு அந்தப் பக்கம் உடை மரங்கள் வரிசையாகப் பச்சையாக நின்றன, அதற்குப் பின்னால் ஊரின் தண்ணீர்த் தொட்டி வெள்ளையாக, உயரமாக, கால்மேல் கால் போடாத குறையாக நின்றது, பக்கத்தில் கோயில் கோபுரம். வீடு எங்கே என்று தேடினாள். உடை மரம் தொடங்குகிற இடத்தில் இருக்க வேண்டும். கண்ணைச் சுருக்கினாள். பச்சைக்குள் பச்சையாக ஒரு மூலைக்கோடு தெரிந்த மாதிரி இருந்தது, உடனே மறைந்தது. சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் முதுகு ஒடிய அடித்து வீட்டைக் காணாமல் போக்கிவிட்டோமே. சிரித்ததைப் பார்த்துப் பிள்ளையும் சிரித்தது. அட, இத்தனை அழகாகக் கலந்துவிட்டதே, குயில் மாதிரி, பச்சோந்தி மாதிரி, வரி வசூலிக்க வருகிறவன்கூடக் கண்டுபிடிக்க மாட்டான். பிரிட்டோ வந்து வீட்டைக் காணோமே என்று முழிக்கப் போகிறான் என்று நினைத்தாள். நினைத்ததை இன்னொரு தரம் நினைத்தாள். வீட்டைப் பாத்துக்கிட்டே வந்துருவேன். தண்ணீர்த் தொட்டி தனியாக நின்றது. அது இத்தனை நாளும் தனியாக நின்றதில்லை, அதற்குக் கீழே எப்போதும் பல்பொடி நிறத்தில் ஒரு கட்டம் இருக்கும், தொட்டி அதன் தலைமேல் வைத்த பானை மாதிரி இருக்கும், இந்த இடத்தில் நின்று எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள், பார்த்ததாகவே தெரியாமல் பார்த்திருக்கிறாள். வள்ளம் வர்ற நேரத்துல இதையா மாட்டுவ. கடலைப் பார்த்த சுவரு மட்டும் ரோஸாவே இருக்கட்டும். பெரியவர் மிக்கேல் காலைத் தடவிக்கொண்டு சொல்வாரே, அன்னிக்கு மழையில ஒண்ணுமே தெரியல தாயி, குத்துமதிப்பா விட்டேன், பாருல ஏறிருச்சு என்று. அடிப்பலகை பிளந்து, எஞ்சின் கடலுக்குள் போய், தொடை எலும்பு வரை சதை கிழிந்து, அதற்குப் பிறகு அவர் கடலுக்கே போகவில்லை. என்ன தெரியவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மழையில் என்னதான் தெரியும் என்று விட்டுவிட்டாள். சுவர். சுவர்தான் தெரியவில்லை. தொட்டிக்கு நேர் கீழே சுவர் வந்தால் அதுதான் வாசல்.

வெளிக்கடலில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. காலையில் ஊரிலிருந்து போன வள்ளங்களும் பிரிட்டோவும் இந்த நேரத்துக்குத்தான் வருவார்கள், தண்ணீர் வற்றுகிற நேரம் வேறு, பாறைக்கு மேல் முழங்கால் அளவு இருந்தால் அதிகம். மற்றவர்கள் நிதானமாக வருவார்கள். பிரிட்டோ எஞ்சினைக் குறைக்க மாட்டான், நின்றுகொண்டே வருவான், கண்ணை மூடிக்கிட்டு வருவேன் என்று பீற்றிக்கொள்வான். இங்கேயே நின்று கையை ஆட்டலாமா என்று நினைத்தாள். ஆட்டினால் அவனும் ஆட்டுவான், பொண்டாட்டி நுனிவரை வந்து நிற்கிறாளே என்று இன்னும் வேகமாக வருவான். திரும்பி நடந்தாள். ஓடவில்லை, சல்லியில் பிள்ளையோடு ஓடினால் கணுக்கால் பிசகும், பிசகினால் அதுவும் போச்சு. நடந்தாள், நடக்க நடக்க வீட்டில் ரோஸாக என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். பிள்ளையின் கவுன், அது ஒரு முழம். சோப்பு டப்பா. கொசுவலை நீலம். போர்வை கோடு போட்டது. மாதா படத்துக்குப் பின்னால் ஒட்டிய காகிதம் ரோஸ், அது ஒரு சாண். மரக்கால் போயிற்று, நீர்க்காகம் ஒன்றுகூட அசையவில்லை, அதுகளுக்கென்ன. ஒத்தப்பனை போயிற்று. நேரே பார்த்தால் தூரம் குறையவே குறையாது போலத் தோன்றியது, அதனால் காலைப் பார்த்து நடந்தாள், கால் தன்னால் போயிற்று, மனசு மட்டும் மாமியார் தார்ப்பாயை இழுத்த அந்த இழுப்பிலேயே நின்றது. இழுத்ததும் அவள் சுவரைப் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்தாள். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அப்படி நிற்கிறாள் என்று ஜெனோவா அடுப்படி ஜன்னல் வழியாக அன்றைக்கு முடிவு கட்டினாள்.

போன்கல் மேல் ஏறிப் பிரிட்டோவுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல், நிம்மதியாக, தன் வீட்டுக்காரன் பத்திரமாக இருக்கிறவள் குரலில். அடுத்ததாக மாமியாருக்குப் போட்டாள்.

"என்னத்தா, பிள்ளைக்கு என்ன?" என்றாள் ரெஜினம்மாள் எடுத்ததுமே.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல அத்தை. கடலைப் பாத்த சுவருக்கு ஏன் ரோஸ்?"

"வாசலு பிடிக்கத்தான். தொட்டிக்குக் கீழ வந்தா உள்ள விடுவாங்க. இது என்ன புதுசா கேக்குற?"

"யாரும் சொல்லலையே அத்தை."

"சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்னு யாராச்சும் சொல்லுவாங்களாக்கும்." பிறகு குரல் மாறியது. "என்ன பண்ணி வச்சிருக்க?"

"பச்சை அடிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பிறந்த குழந்தை அழுதது, யாரோ அதைத் தட்டிக் கொடுத்தார்கள். ரெஜினம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம் பெட்டியில ரோஸ் சேலை ரெண்டு இருக்குல்ல, தொடாதன்னு சொன்னேனே. மழையில சுவரு கறுத்துப்போனா மாட்டத்தான் வச்சிருக்கேன். எடுத்து மாட்டு."

"ஒண்ணுதான் இருக்கு அத்தை. இன்னொண்ணு தொட்டிலு கட்டியிருக்கேன்."

"அவுத்து மாட்டு. எம் பேத்தி ஒருநாளு தரையில படுத்தா தேஞ்சிற மாட்டா. போனை வைய்யி, நட."

நடந்தாள். அறுவாயில் இந்தத் தடவை பயம் வரவில்லை, அதற்கு இடமில்லை. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை மீன் கூடைக்குள் உட்கார வைத்தாள், அது அதற்குப் பிடித்த இடம். தொட்டிலை அவிழ்த்தாள், நாளெல்லாம் ஆட்டுகிற தொட்டில் ரோஸ் என்பது வழியில் நினைப்புக்கே வரவில்லை. முடிச்சு இறுகிக் கிடந்தது, இரண்டு மாதப் பாரம், பல்லால் கடித்து இழுத்தாள், பால் வாடையும் மூத்திர வாடையும் வேப்பெண்ணெய் வாடையுமாக முகத்தில் வந்து விழுந்தது. பெட்டியைத் திறந்து மற்றதை எடுத்தாள், அது மடிப்புக் குலையாமல் இருந்தது, நடுவில் ஒரு சாம்பிராணித் துண்டு. அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், இந்த வயசுக்கு மேல் கட்டவும் மாட்டாள், கொடுக்கவும் மாட்டாள், எதற்கு இந்தக் காபந்து என்று நினைத்ததை நினைத்துக்கொண்டாள். ஏணி இன்னும் சுவரில்தான் சாய்ந்திருந்தது. மொட்டை மாடி விளிம்பில் இரண்டு சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் அகலமாக விரித்துவிட்டு, மேலே பவளக்கல்லைத் தூக்கி வைத்தாள், கீழ் முனைகளில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டை முடிந்தாள். பெயிண்ட் முழுசாகக் காயவில்லை, சேலை போய் ஒட்டிக்கொண்டது, அதுவும் ஒரு நன்மை. ஆனாலும் கழியிலிருந்து எழுந்த காற்று நடுவில் புகுந்து வயிற்றுப் பிள்ளைக்காரி மாதிரி உப்ப வைத்தது, உப்பினால் மடங்கும், மடங்கினால் பாதிதான் தெரியும். அதனால் இரண்டு சேலையும் சேருகிற இடத்தில் முதுகை வைத்துக் கையை இரண்டு பக்கமும் நீட்டி அழுத்திக்கொண்டு, கடலைப் பார்த்து நின்றாள். யாராவது பார்த்தால் சிலுவைப்பாடு ஒத்திகை என்று நினைப்பார்கள், தவக்காலம் வேறு. இதை நினைத்ததும் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது, முழுசாக வராமல் அங்கேயே நின்றுவிட்டது.

நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லாதபோது மனசு என்ன செய்யும், சுற்றும். கழித் தண்ணீர் பளபளத்தது. முதுகில் ஈரப் பச்சை சேலை வழியாக ஊறி ரவிக்கைக்கு வந்தது. ரவிக்கை போச்சு என்று நினைத்தாள், பிரிட்டோ என்று நினைத்தாள், ஈஸ்டருக்கு அந்த ரவிக்கையைத்தான் போடலாமென்று இருந்தோம் என்று நினைத்தாள், பிரிட்டோ. சொன்னானே, ரோஸாவே இருக்கட்டும் என்று. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. ஏன் என்று தனக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டைப் பார்த்து வருவேன் என்றதற்கும் அப்படித்தான், கேட்காமலே அர்த்தம் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் அதைக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் வழி சொல்லியிருக்கிறான், அவள் வெட்கப்பட்டு முந்தானையைச் சரிசெய்திருக்கிறாள். சரி, வழியாகவே இருக்கட்டும், அந்த வழியில் வந்து சேரட்டும், போதும். கூடைக்குள் ஷெரின் தா தா என்று எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது எஞ்சின் சத்தம் வந்தது. முதலில் கொசு மாதிரி, பிறகு தையல் மிஷின் மாதிரி. பிரிட்டோவின் எஞ்சின் நடுநடுவே ஒருதரம் இருமும், அந்த இருமலுக்காகக் காதைக் கொடுத்தாள். இருமியது. நுனிக்கு வெளியே ஒரு கறுப்புப் புள்ளி வந்து, வள்ளமாகி, அதற்குள் நிற்கிற ஒரு ஆளாகி, அதன் பிறகு நின்றுவிட்டது. எஞ்சின் சத்தமே இல்லை. ஜெனோவா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பாருக்கு இன்னும் தூரம் இருக்கிறது, அங்கே இடிக்க ஒன்றுமில்லை, ஏன் நின்றான், வேறென்ன. வள்ளம் அலையில் மெதுவாகத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு கிடந்தது, படுக்க இடம் பார்க்கிற நாய் மாதிரி. பின்னால் இன்னும் இரண்டு வள்ளங்கள் வந்து அதன் பக்கத்தில் நின்றன. மூன்றும் பேசிக்கொள்வது போல இருந்தது. காற்று ஒரு பக்கச் சேலையைக் கிளப்பப் பார்த்தது, அவள் குதிகாலால் மிதித்துக்கொண்டாள், ஈயக்குண்டு கெண்டைக்காலில் இடித்தது. பாரு மச்சான், பாரு, இங்கேதான் இருக்கிறேன், தொட்டிக்குக் கீழே பாரு. சத்தம் போடவில்லை. போட்டாலும் கேட்காது. எஞ்சின் ஒருதரம் இருமியது. வள்ளத்தின் மூக்கு மெல்லத் திரும்பி, கொஞ்சம் கழி பக்கம் போய், கொஞ்சம் கடல் பக்கம் வந்து, பிறகு நேராக அவளைப் பார்த்தது. அவள் நெஞ்சுக்கு நேராக, நடை போகிற வேகத்தில், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எஞ்சினைக் குறைத்துக்கொண்டு, பிரிட்டோ வந்தான். பின்னால் மற்ற இரண்டும் அவன் போட்ட கோட்டிலேயே வந்தன. வாசலைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறும் இடம் ஒன்று உண்டு, அதைத் தாண்டுகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

வள்ளத்தைக் கட்டிவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவன் வீட்டைப் பார்த்தான், சேலையைப் பார்த்தான், முதுகெல்லாம் பச்சையாக நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தான். கூடையைப் பார்த்தான், அதற்குள் பிள்ளை இருக்கிறதா என்று. தா என்றது பிள்ளை. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் சட்டையில் மூன்று நாள் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஜெனோவா தன்னாலேயே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள், அண்ணன் வீட்டு டப்பா, நுனிவரை போனது, போன்கல், அத்தை சொன்னது, தொட்டில். அவன் கேட்டுக்கொண்டே சேலையின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தான்.

"சுவரு தெரியலைன்னா எனக்கு ஒண்ணுமில்ல ஜெனோ. காத்துக் கெடந்து வேற ஏதாச்சும் பாத்து வந்துருவேன்," என்றான். "வீட்டைக் காணோம்னு நெனச்சிட்டேன். சல்லி எடுத்துக்கிட்டுப் போயிருச்சோன்னு. கையி ஓடல, எஞ்சினை நிப்பாட்டிட்டேன்."

அவன் குரல் கடைசியில் எஞ்சின் மாதிரி ஒருதரம் இருமியது. அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், பச்சை ஒட்டியது. நாளைக்கே ரோஸ் பொடி வாங்கிக் கலக்கிவிடுவதாகச் சொன்னாள். அந்த ஒரு சுவர் போதும், மற்ற மூன்றும் பச்சையே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு என்றான் அவன். அவள் திரும்பி, வெயில் மஞ்சளாகி விழுந்துகொண்டிருந்த சேலைகளைப் பார்த்தாள், பிறகு கழியைத் தாண்டி, நுனியைத் தாண்டி, அவன் நின்றுகிடந்த அந்த வெற்றுத் தண்ணீரைப் பார்த்தாள். இந்த ஊரில் பெண்களை வள்ளத்தில் ஏற்றுவதில்லை. யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

"மச்சான், ரோஸ் அடிச்சு முடிச்சதும் என்னைய ஒரு தடவை வாசலுக்கு வெளிய கூட்டிட்டுப் போங்க. நீங்க நிக்கிற இடத்துல நின்னு நம்ம வீட்டை நான் பாக்கணும்."